குளிர்காற்றுக் குழல்: ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி

ஒரு வாத்தியம் வாங்கப்போகிறோம் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, விலை என்ன என்பது. இரண்டாவது, எந்தக் கம்பெனி என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அந்த வாத்தியத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யாரிடம் கொண்டுபோவீர்கள் என்பதே அது. ஸ்காட்லாந்தின் ஸ்மால்பைப் என்னும் சிறிய பேக்பைப்பை வாங்கப் புறப்பட்டு, ஒரு முறை ஏமாந்து, மறுமுறை பதினெட்டு மாதம் காத்திருந்த பிறகு, அந்த மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

நாங்கள் என்று இங்கே சொல்வது எடின்பரோவில் பிழைப்பு நடத்தும் மூன்று நண்பர்களை. ஒருவர் சில வருடங்கள் பேண்டு ஒன்றில் ஹைலாண்ட் பேக்பைப் வாசித்தவர். மற்றவர் ஃபிடில் கற்றுக்கொண்டிருப்பவர். மூன்றாமவர் வாசிக்கத் தெரியாதவர், ஆனால் கேட்கத் தெரிந்தவர் (என்று அவரே சொல்லிக்கொள்கிறார், எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது அதனால்தான்). மூவரும் பணம் போட்டு ஒரே ஒரு வாத்தியம் வாங்குவதென்று முடிவு செய்தோம். மூன்று பேர் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் காரணங்களின் தொகுப்பு.

பேக்பைப் என்றதும் நம் மனதில் எழுவது ஹைலாண்ட் பேக்பைப்தான். நம் ராணுவ பேண்டுகளிலும் போலீஸ் பேண்டுகளிலும் நாம் பார்த்துப் பழகியது. தோளுக்கு மேலே மூன்று குழல்கள் நிமிர்ந்து நிற்க, கன்னம் உப்ப ஊதுவார்கள். திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியம் அது. எடின்பரோவின் பழைய கல் கட்டடங்களில், பொதுப் படிக்கட்டைச் சுற்றி எட்டுக் குடும்பங்கள் வாழும் வீட்டில் அதை வாசிப்பது அண்டை வீட்டாரோடு போர் தொடுப்பதற்குச் சமம். எங்கள் நண்பர் மூன்று வருடம் அந்தப் போரை நடத்திவிட்டு வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வாசிக்கத் தெரிந்த விரல்கள் வெறுமனே இருந்தன. எங்கள் தேடல் அங்கே தொடங்கியது.

ஸ்மால்பைப் வேறு குணம் கொண்டது. ஹைலாண்ட் பேக்பைப்பின் சான்ட்டர், அதாவது விரல்துளைகள் கொண்ட ராகக்குழல், உள்ளே கூம்பு வடிவமான துளை உடையது. ஸ்மால்பைப்பின் சான்ட்டரில் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், நேராக ஓடுகிறது. இந்தச் சிறு வேறுபாடு இரண்டு காரியங்களைச் செய்கிறது: ஒலியளவு ஒரு ஃபிடிலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அதே நீளமுள்ள கூம்புக் குழலைக் காட்டிலும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழிறங்கி ஒலிக்கிறது. ஆனால் விரல்வைப்பு அதேதான். அதே ஒன்பது ஸ்வரங்கள், அதே பிடிகள். எனவே ஹைலாண்ட் வாசித்தவர் விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. மூடுவதும் திறப்பதும் அப்படியே இருக்க, குரல் மட்டும் மாறிவிடுகிறது. மைதானத்தில் அறைகூவிய ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல.

மற்றொரு வேறுபாடு காற்று. ஸ்மால்பைப்பைப் பெரும்பாலும் வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையின் கீழ் ஒரு துருத்தியைக் கட்டிக்கொள்கிறார்கள். கொல்லன் பட்டறையில் பார்த்த அதே துருத்திதான்: இரண்டு பலகைகள், நடுவே தோல், காற்று திரும்பி வராமல் தடுக்க ஒரு மடிப்பு. முழங்கையை அசைத்து அதை இயக்க, இடது கைக்கு அடியில் உள்ள தோல் பையில் காற்று சேர்கிறது. பையை அழுத்தும் இடது கைதான் சான்ட்டருக்கும், மடியின்மேல் படுத்திருக்கும் மூன்று ஒத்துக்குழல்களுக்கும் காற்றைப் பகிர்ந்தளிக்கிறது. இந்த வகை வாத்தியங்களுக்கு ஸ்காட்லாந்தில் பழைய பெயர் ஒன்று உண்டு: குளிர்காற்றுக் குழல்கள். மூச்சின் வெப்பமும் ஈரமும் இல்லாத காற்று என்பதால் அந்தப் பெயர். நமது சதிர்க் கச்சேரிகளில் சுருதிக்காக ஊதப்பட்ட துத்தியும் தோல் பை வாத்தியம்தான், ஆனால் அது வாயால் ஊதப்பட்டது. அதன் காற்று ஈரமான காற்று. குளிர்காற்று வாத்தியத்தில் சீவாளி நனைவதில்லை. ஆகவே அதை மிக மெல்லியதாகச் சீவலாம். அது பல வருடம் நிலைத்தும் இருக்கும். ஸ்மால்பைப்பின் மென்மைக்குப் பாதிக் காரணம் இந்த உலர்ந்த காற்று என்பது எங்கள் எண்ணம்.

*

முதல் முறை நாங்கள் ஏமாந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம். படத்தில் அழகாக இருந்தது. கறுத்த மரம், வெள்ளைப் பூண்கள், சிவப்பு வெல்வெட் உறை. 'கையால் செய்யப்பட்டது' என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தார்கள். விலை, இங்குள்ள கைவினைஞர்கள் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு. வந்து சேர்ந்தது, கட்டினோம், துருத்தியை அசைத்தோம். ஒத்துக்குழல்களில் ஒன்று ஊமை. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று சேர மறுத்தன. சான்ட்டரின் கீழ் ஸ்வரம் சரியாக இருந்தால் மேல் ஸ்வரம் கால் சுருதி ஏறி நின்றது. மேலே சரிசெய்தால் கீழே சரிந்தது. விற்றவருக்கு எழுதினோம். சீவாளியைச் சற்று அழுத்திப் பாருங்கள் என்று பதில் வந்தது. அழுத்தினோம், சீவாளி பிளந்தது. அதை யார் செய்தார், எந்த ஊரில் செய்தார் என்று கேட்டோம். விற்றவருக்கே தெரியவில்லை.

இதைச் சொன்னபோது இங்குள்ள ஒருவர் சிரித்துக்கொண்டே, சியால்கோட் சரக்காக இருக்கும் என்றார். பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்தில் கால்பந்துகளோடும் அறுவைச் சிகிச்சைக் கருவிகளோடும் ஏராளமான பேக்பைப்புகளும் செய்யப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை. அங்கே கடைசல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரும் ஒரு கைவினைஞர்தான். மரத்தைக் கடைவதில் அவர் கை யாருக்கும் குறைந்ததல்ல. எங்கள் கையிலிருந்த வாத்தியத்தின் கடைசல் வேலையில், அது எங்கே செய்யப்பட்டிருந்தாலும், பிழையே இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அதைச் செய்தவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே இரண்டு மூன்று இடைத்தரகர்கள். செய்தவர் காதில் அதன் நாதம் விழுந்ததேயில்லை; விழுந்த எங்கள் காதின் புகார் அவரை எட்டப்போவதுமில்லை.

எனவே எங்கள் முதல் கருத்து, கொஞ்சம் கறாராகவே சொல்கிறோம்: 'கையால் செய்தது' என்பது ஒரு தகுதியே அல்ல. கையால் மோசமாகவும் செய்ய முடியும். அச்சடித்தாற்போல் இயந்திரத்தில் கடைந்த பிளாஸ்டிக் சான்ட்டர்களும் கிடைக்கின்றன. துளையின் அளவு துல்லியமாக இருந்து, தெரிந்த ஒருவர் சீவாளி பொருத்தித் தந்தால், தொடக்கநிலை வாசிப்பவருக்கு அவை மோசமான மரச் சான்ட்டரைக் காட்டிலும் எவ்வளவோ மேல். கைவினை என்ற சொல்லின் மேல் நமக்குள்ள மயக்கத்தை வணிகம் நன்கு அறிந்து வைத்திருக்கிறது. நாம் மதிக்க வேண்டியது கையை அல்ல, கைக்குப் பின்னால் உள்ள காதை. செய்தவர் வாசிப்பவரா? வாசித்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறாரா? குறை சொன்னால் திரும்ப எடுத்துச் சரிசெய்வாரா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் கிடைத்தால் அது கையால் செய்ததா இயந்திரத்தால் செய்ததா என்பது பின்னால் வரும் விஷயம்.

*

இதில் ஒரு வரலாற்றுச் சிக்கலும் உண்டு. எது உண்மையான, பழைய, அசல் ஸ்மால்பைப் என்று கேட்டுக்கொண்டு போனால் கையில் ஒன்றும் சிக்காது. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் 1757 என்று ஆண்டு பொறித்த ஒரு ஸ்மால்பைப் இருக்கிறது. மான்ட்கோமரி ஸ்மால்பைப் என்று அதற்குப் பெயர். அது வாயால் ஊதப்படுவது. துருத்தியால் இயங்கிய பழைய கருவிகளும் எஞ்சியிருக்கின்றன. ஆனால் வாசிப்பு மரபு அறுந்துபோயிருந்தது. தெற்கு ஸ்காட்லாந்தின் நகரங்கள் ஒரு காலத்தில் தங்களுக்கென்று பேக்பைப் வாசிப்பவர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. அந்த வேலைகள் போயின. அவர்களோடு அவர்கள் வாசித்த முறையும் போயிற்று. ராணுவத்தின் அரவணைப்பில் ஹைலாண்ட் பேக்பைப் மட்டும் செழித்தது.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஒரு தகவல். கில்பார்க்கன் என்னும் சிற்றூரில் ஹேபி சிம்ப்ஸன் என்று ஒரு பேக்பைப் கலைஞர் இருந்தார். அவர் இறந்தபின் 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் செம்பில் அவருக்காக ஒரு இரங்கற்பா எழுதினார். அந்தப் பாடலின் ஆறடிச் செய்யுள் வடிவம் பெரும் புகழ் பெற்று, பிற்பாடு ராபர்ட் பர்ன்ஸ் கையில் தன் உச்சத்தை அடைந்தது. இன்றும் அந்த யாப்புக்கு 'ஸ்டாண்டர்ட் ஹேபி' என்றுதான் பெயர். ஹேபியின் சிலை கில்பார்க்கனின் கோபுரத்தில் நிற்கிறது. அவர் வாசித்த ஒரு ஸ்வரத்தையும் நாம் கேட்க வழியில்லை. அவர் பெயர் தாங்கிய யாப்பை மட்டும் பள்ளிக் குழந்தைகளும் படிக்கிறார்கள். எழுத்தில் ஏறியது பிழைத்தது, விரலில் இருந்தது மறைந்தது. வாய்மொழி மரபுகளைக் கொண்ட நமக்கு இந்தக் கதையின் வலி புரியும்.

இன்று நாம் ஸ்மால்பைப் என்று சொல்வது 1980களில் மீண்டும் உருவாக்கப்பட்ட வாத்தியம். எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தின் வடக்கே, நார்தம்பர்லாந்தில் துருத்தியால் இயங்கும் வேறொரு சிறுகுழல் மரபு அறுபடாமல் இருந்தது. அந்த மரபின் கைவினைஞரான காலின் ராஸ், பழைய ஸ்காட்டிஷ் கருவிகளின் அமைப்பையும் ஹைலாண்ட் விரல்வைப்பையும் இணைத்து ஸ்மால்பைப்பை மறுபடி வடிவமைத்தார். கால்நடை மருத்துவராக இருந்த ஹேமிஷ் மூர் 1985இல் 'கால்ட் விண்ட் பைப்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பின்னர் பேக்பைப் செய்வதையே தொழிலாகக் கொண்டார். இதே ஆண்டுகளில்தான் தாழ்நில, எல்லைப்புற பேக்பைப் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கமும் உருவானது. வாசிப்பவர், செய்பவர், ஆராய்பவர் மூவரும் ஒரே அறையில் அமர்ந்து பேசினார்கள். பல சமயம் மூவரும் ஒருவராகவே இருந்தார்கள்.

இதன் பொருள் என்ன? ஸ்மால்பைப்புக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளக்கூடிய ஒரே அசல் கிடையாது. துளையின் அளவு எவ்வளவு, சீவாளி எப்படி, ஒத்துக்குழல்கள் எத்தனை, எந்தச் சுருதி என்பதையெல்லாம் ஒவ்வொரு கைவினைஞரும் தானே தீர்மானிக்கிறார். எனவே ஒருவரிடம் வாத்தியம் வாங்கும்போது நாம் ஒரு பொருளை மட்டும் வாங்கவில்லை. இந்த வாத்தியம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதைப் பற்றிய அவருடைய கருத்துக்கு வாக்களிக்கிறோம். ஒரு நாவலைத் தேர்வதைப் போன்றது இது. 'நல்ல ஸ்மால்பைப் எது?' என்ற கேள்வியைவிட, 'யாருடைய ஸ்மால்பைப் உங்களோடு பேசுகிறது?' என்ற கேள்வியே பயனுள்ளது.

*

இனி நடைமுறை. கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஸ்கை தீவைச் சேர்ந்த பிரீட்ஜ் ஹேம்பல் 2019இல் வெளியிட்ட 'தி ரீலிங்' இசைத்தட்டை மூவரும் சேர்ந்து கேட்டோம். ஒத்துக்குழல்களின் நாதத்தைப் பின்னணியாக ஒதுக்காமல் அதையே பாட்டின் உடலாக எடுத்து வைக்கிறார் அவர். அதுவரை நாங்கள் ராகக்குழலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போது உறைத்தது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நாம் மறந்துவிடுவதில்லையா, அதுபோல. ஸ்மால்பைப்பில் ஒத்து நன்றாக இல்லையென்றால் மேலே எத்தனை வித்தை காட்டினாலும் பயனில்லை. ஆகவே எங்கள் இரண்டாவது கருத்து: முதலில் ஒத்தைக் கேளுங்கள். சான்ட்டரை மூடிவிட்டு மூன்று ஒத்துக்குழல்களையும் சேர்த்து, ஐந்து நிமிடம் வெறுமனே ஒலிக்க விடுங்கள். அவை அசையாமல் நிற்கின்றனவா, அழுத்தம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்கின்றனவா, அல்லது சிணுங்குகின்றனவா என்று பாருங்கள். அதற்குப்பின் சான்ட்டரில் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி வாசித்து, அது ஒத்தோடு உறவாடுவதைக் கவனியுங்கள். வேகமான ரீல் ஒன்றை வாசித்துக் காட்டினால் எந்த வாத்தியமும் அழகாகத்தான் தெரியும். நீண்ட ஸ்வரத்தில்தான் உண்மை வெளிப்படும்.

அடுத்தது சுருதி. ஏ, பி ஃபிளாட், சி, டி என்று நான்கு சுருதிகளில் ஸ்மால்பைப்புகள் பரவலாகக் கிடைக்கின்றன. எங்களுக்குள் பெரிய சண்டை இதில்தான் நடந்தது. டி சுருதி உயர்ந்தது, தேன்போல் இனிமையானது. ஆனால் துளைகள் நெருக்கமாக இருக்கும், தடித்த விரல்களுக்கு இடம் போதாது. ஏ சுருதி தாழ்ந்தது, கம்பீரமானது. துளைகள் விலகி இருக்கும், சிறிய கைகள் எட்டிப் பிடிக்க வேண்டும். சி இரண்டுக்கும் நடுவில். தனியாக வீட்டில் வாசிப்பவர் தன் கைக்கும் காதுக்கும் இசைந்ததை எடுத்துக்கொள்ளலாம். பிறரோடு சேர்ந்து வாசிப்பதென்றால் ஏ சுருதிதான் முதலில் என்பது எங்கள் முடிவு. ஃபிடில் வாசிப்பவர்களுக்கு ஏ, டி இரண்டு சுருதிகளும் இயல்பானவை. ஏ சான்ட்டரின் ஒன்பது ஸ்வரங்களைக் கொண்டு டி-யை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளையும் வாசித்துவிடலாம். ஹைலாண்ட் பேக்பைப்போ ஏ என்று எழுதப்பட்டாலும் உண்மையில் பி ஃபிளாட்டுக்கும் சற்று மேலே ஒலிப்பது. அதனாலேயே எங்கள் நண்பர் இத்தனை வருடம் வேறு எந்த வாத்தியக்காரரோடும் உட்கார்ந்து வாசித்ததில்லை. ஏ சுருதியில் முதல் முறையாக இன்னொரு நண்பரின் ஃபிடிலோடு அவர் சேர்ந்து வாசித்த மாலையில், இது மனிதர்களோடு பேசும் வாத்தியம் என்றார். எங்கள் வாதம் அத்தோடு முடிந்தது.

கர்நாடக இசை கேட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த ஒன்பது ஸ்வரங்களில் ஆதாரத்திலிருந்து மேலே செல்லும் எட்டும் ஏறக்குறைய நம் ஹரிகாம்போதியின் வரிசை. ஆதாரத்துக்குக் கீழே ஒரு நிஷாதம் கூடுதல். ஆனால் கமகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பையிலிருந்து காற்று இடைவிடாமல் வந்துகொண்டே இருப்பதால் ஸ்வரங்களுக்கு நடுவே மௌனம் கிடையாது. ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை வாசிக்கவும் நடுவே ஒரு சிறு ஸ்வரத்தைத் தட்டித்தான் பிரிக்க வேண்டும். அந்தத் தட்டல்களே இந்த இசையின் அலங்காரம்.

ஒத்துக்குழல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏ சுருதித் தொகுதியில் பெரும்பாலும் கீழ் ஏ, மேல் ஏ, நடுவே ஈ என்று மூன்று இருக்கும். டி-யை ஆதாரமாகக் கொண்ட மெட்டுகளில் அந்த ஈ உறுத்தும். அதை டி-க்கு மாற்றிக்கொள்ளவோ, குறைந்தபட்சம் அடைத்து வைக்கவோ வசதி செய்து தரச் சொல்லுங்கள். பின்னால் சேர்ப்பதைவிட முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அதேபோல் சான்ட்டர் சுத்த ஸ்வரங்களின்படி ஒத்தோடு இழையுமாறு அமைக்கப்பட்டதா, அல்லது அக்கார்டியன், கிதார் போன்றவற்றோடு ஒத்துப்போகுமாறு சமரசம் செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் முகம் மலர்ந்து அரைமணி நேரம் பேசுகிறவரிடம் தயங்காமல் முன்பணம் கொடுக்கலாம்.

மரமும் பூணும் கடைசியில். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம் வரும். ஸ்மால்பைப் என்றால் கருமரம்தான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் மரம் அது. ஸ்வாஹிலி மொழியில் ம்பிங்கோ என்பார்கள். அடர்த்தியானது, எண்ணெய்ப் பசையுள்ளது, துளையின் அளவு மாறாமல் நிற்பது. ஆனால் மிக மெதுவாக வளர்வது. அது அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் 2017 ஜனவரியிலிருந்து சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பட்டியலில் வந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. காகிதத் தொல்லை தீர்ந்தது, ஆனால் மரம் வேகமாக வளரத் தொடங்கிவிடவில்லை. பாக்ஸ்வுட், லபர்னம், பேரி, பிளம் போன்ற ஐரோப்பிய மரங்களிலும் நல்ல ஸ்மால்பைப்புகள் செய்கிறார்கள். நாங்கள் ஒரே கைவினைஞரின் இரண்டு சான்ட்டர்களை, ஒன்று கருமரம், ஒன்று பாக்ஸ்வுட், ஒரே சீவாளியை மாற்றி மாற்றிப் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். மூவரும் மூன்று விதமாகச் சொன்னோம். துளையும் சீவாளியும் சேர்ந்து குரலைத் தீர்மானித்தபின் மரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தந்தப் பூண்களின் காலம் 1990இல் ஆப்பிரிக்க யானைத்தந்தத்தின் உலக வணிகம் தடை செய்யப்பட்டதோடு முடிந்தது. இன்று கொம்பு, செயற்கைத் தந்தம், வெள்ளி என்று பல வகை. வெள்ளிப் பூணுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வருடம் பாடம் கற்றுக்கொள்ளலாம். நாங்கள் பூண்களை மரத்திலேயே கடைந்து தரச் சொன்னோம்.

துருத்தியை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வாசிப்பவரின் உடம்போடு பொருந்த வேண்டியது அதுதான். இடுப்புப் பட்டையும் கைப்பட்டையும் சரியான நீளத்தில் இல்லையென்றால் தோள் வலிக்கும். தோள் வலித்தால் அழுத்தம் ஆடும். அழுத்தம் ஆடினால் சுருதி ஆடும். எங்கள் கைவினைஞர் (அவர் பெயர் சொல்லப்படுவதை விரும்ப மாட்டார்) நண்பரை நாற்காலியில் உட்காரவைத்து, தையற்காரர்போல் இடுப்பையும் முன்கையையும் அளந்தார். இணையத்தில் வாங்கியபோது எங்களிடம் யாரும் அளவு கேட்கவில்லை.

*

எல்லாம் சரி, பணம்? புதிதாகச் செய்து வாங்கும் ஒரு முழுத் தொகுதி ஆயிரம் பவுண்டைத் தாண்டும். வேண்டியவை கூடக்கூட இரண்டாயிரத்தையும் தாண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது சிறிய தொகையல்ல. அதோடு காத்திருப்பும். மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில். இவ்வளவு பணத்தையும் கொடுத்து வரிசையிலும் நிற்பதா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கலையை வசதி படைத்தவர்களின் உடைமையாக்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டையும் கேட்டோம். அதற்கு எங்கள் பதில், புதிதாக வாங்க முடியாதவர் பழையதை வாங்கலாம் என்பதே. பெயர் தெரிந்த ஒரு கைவினைஞர் செய்த, பலகாலம் வாசிக்கப்பட்ட ஸ்மால்பைப் பெயர் தெரியாத புதியதைவிட மேலானது. செய்தவரிடமே கொண்டுபோய்ச் சீவாளி மாற்றலாம், தோலைச் செப்பனிடலாம். விலையும் அவ்வளவாகக் குறைவதில்லை, வேண்டாமென்றால் விற்றுவிடலாம். நாங்கள் செய்ததுபோல் கூட்டாக வாங்கலாம். மலிவானது என்று நம்பி வாங்கிய முதல் வாத்தியத்தின் விலை முழுவதும் எங்களுக்கு நஷ்டம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பைப் பற்றி எங்கள் மனம் மெல்ல மாறியது. தொடக்கத்தில் அது எரிச்சலாக இருந்தது. பட்டறைக்கு இரண்டாவது முறை போனபோது அங்கே ஒரு இளம்பெண் சீவாளி சீவக் கற்றுக்கொண்டிருந்தார். அன்று காலையிலிருந்து பதினொன்று சீவியதாகவும் ஒன்றும் தேறவில்லை என்றும் சிரித்தபடி சொன்னார். குப்பைத்தொட்டியில் நாணல் சீவல்கள் கிடந்தன. அவருக்குச் சம்பளம் கொடுக்க முடிவது, அடுத்த இரண்டு வருடத்துக்கு வேலை இருக்கிறது என்று அந்தக் கைவினைஞருக்குத் தெரிவதால்தான். நாங்கள் எந்தப் பட்டியலை நொந்துகொண்டோமோ அந்தப் பட்டியலே அந்தப் பெண்ணின் வேலைக்கு உத்தரவாதம். ஒரு முறை அறுந்து, நாற்பது வருடங்களுக்கு முன் சிலரது பிடிவாதத்தால் மீண்டும் முடிச்சிடப்பட்ட மரபு இது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் கருவி தன் சீவாளியைத் தானே சீவிக்கொள்ளாது. அடுத்த நாற்பது வருடம் இது ஒலிக்குமா என்பது, இன்று வாங்குகிறவர்கள் இரண்டு நாளில் வீட்டு வாசலுக்கு வரும் பெட்டியைத் தேர்கிறார்களா, வரிசையில் நின்று ஒரு பட்டறையைத் தேர்கிறார்களா என்பதைப் பொறுத்திருக்கிறது.

எங்கள் வாத்தியம் வந்து இப்போது ஏழு மாதங்களாகின்றன. ஏ சுருதி, பேரி மரம், வெள்ளி இல்லை, வெல்வெட்டும் இல்லை. நால்வர் அமர்ந்து பேசும் சத்தத்துக்கு மேல் அது எழுவதில்லை. கீழ்வீட்டு அம்மையார், முன்பு சுவரைத் தடியால் தட்டியவர், சென்ற மாதம் கதவைத் தட்டினார். நண்பர் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், போன வாரம் வாசித்த அந்த மெதுவான மெட்டின் பெயர் என்ன என்று கேட்டார்.

குளிர் வந்து வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதிலிருந்து கடைசி ஸ்வரம் ஒன்று சற்றே தாழ்ந்து ஒலிக்கிறது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, சீவாளியில் கை வைக்க வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்றார். வரும் சனிக்கிழமை மூவரும் ரயிலேறிப் போகிறோம்.